சம்பந்தியின் நிலாச் சந்தேகங்கள்

என் மகள் வேலை செய்யும் இடத்தில் கட்டி அனுப்பிய ஆளில்லாக் கலம் நிலவில் இறங்கியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அது செய்தியில் வந்தது. ஏன் சாய்ந்தது என்பது வரவில்லை. விசாரணை நடந்துகொண்டிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். மகள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கலத்தின் கால்களில் ஒன்று விரிந்த பிறகு பூட்டிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. குளிர்ச் சோதனையில் அதே கால் ஒருமுறை திணறியது. மறுபடி சோதித்தபோது ஒழுங்காகப் பூட்டியது. சரி என்று கையெழுத்துப் போட்டவள் அவள். ஆயுள் முழுக்க லிஃப்டுகளைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன் அப்பா என்றாள். விசாரணையில் தானே சொல்லிவிடப் போவதாகவும், அதன்பிறகு கணவரிடமும் மாமனார் வீட்டாரிடமும் பேசிக்கொள்வதாகவும், அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். நம் வீட்டு விஷயம் வாசல் தாண்டாது என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். மனிதன் நிலவுக்குப் போனதே இல்லை என்பதில் மட்டும் அவரை அசைக்க முடியாது. குடும்பக் குழுவில் அதைப் பற்றி வீடியோ அனுப்பிக்கொண்டே இருப்பார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அந்தக் காலத்து இறங்கு கலத்தின் படம். சாக்லேட் தாளைச் சுற்றி, குடைக்கம்பியைச் செருகி வைத்த மாதிரி இருக்கிறதே, இதிலா ஆட்கள் இறங்கினார்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை சிரித்தார்.

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். அங்கே காற்று இல்லை, காற்றைக் கிழிக்கிற வழவழப்பான உடம்பு எதற்கு? எடை ஆறில் ஒரு பங்குதான் தெரியும், தூண் மாதிரிக் கால் எதற்கு? பளபளக்கும் தாள் வெயிலுக்கும் குளிருக்கும் போர்த்திய போர்வை, கலம் அதற்குள்ளே இருக்கிறது. காலுக்குள் தேன்கூடு போல அலுமினியம் வைத்திருப்பார்கள். இறங்கும் வேகத்தில் அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வானத்தில் நட்சத்திரத்தைக் காணோமே என்றார். பளீரென்ற வெயிலில் நிற்பவனைப் படம் பிடிக்க கேமராவின் கண்ணைச் சுருக்கினால் மங்கலான நட்சத்திரம் எப்படி விழும், கண்ணாடிக் கடைக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றேன். காற்றில்லாமல் ஆடும் கொடி, கோணலாக விழும் நிழல், இறங்கிய இயந்திரத்தின் அடியில் இல்லாத பள்ளம் என்று வரிசையாக வந்தார். நானும் விடவில்லை. என் மனைவி கண்ஜாடை காட்டினாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சம்பந்தி கேலிக்கு இறங்கினார்.

"அன்னைக்கும் செட்டு, இன்னைக்கும் செட்டுதான். நம்ம மருமக இத்தனை வருஷமா சினிமாவுக்குக் கால் செஞ்சு குடுத்திருக்கா. சம்பளம் மட்டும் நிஜம்."

மகள்கூட அதற்குச் சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. என் பெண்ணின் உழைப்பைப் பொய் என்று ஒருவர் சொல்ல, அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நான் கேட்டுக்கொண்டிருப்பதா?

"நாடகம் போடறவன் தன் பொருளே கவுந்து விழற மாதிரியா எடுப்பான், சம்பந்தி? அந்தக் கால் குளிர்ல ஒரு தடவை திணறுச்சு. அதை சரின்னு அனுப்பினதே இவதான். பொய்யா இருந்தா எம்பொண்ணு எதுக்குத் தூக்கம் இல்லாம கெடக்கறா?"

இதற்கு மேல் ஒரு சாட்சி இருக்க முடியாது. சம்பந்தி செல்போனைக் கவிழ்த்து வைத்தார். நம்பிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப உன்னாலதான் விழுந்துச்சாம்மா?"

அதில் கேலி துளியும் இல்லை.

"இருக்கலாம் மாமா. அதைத்தான் விசாரிக்கறாங்க," என்றாள் மகள். என் பக்கம் திரும்பவே இல்லை. மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு இது ஏன் தெரியாது என்று அவர் வாய் திறந்து கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சம்பந்திதான் பதறிப்போனார். "அட, விடும்மா. எதுவும் போகவே இல்லைன்னு நான்தான் சொல்லிட்டே இருக்கேனே. போகாதது எப்படி விழும்? என்ன சம்பந்தி?"

இவ்வளவு நேரம் தொண்டை வறள வாதாடிய நான், அவர் நீட்டிய அந்தப் பிடியை விட மனமில்லாமல், "இருக்கலாம் சம்பந்தி. யார் போய்ப் பார்த்தா?" என்றேன்.

"போச்சுப்பா," என்றாள் மகள். குரல் உயரவில்லை. "நாங்க கட்டினோம், அது நிலாவுக்குப் போச்சு. அங்கதான் சாஞ்சு கெடக்கு. என்னைக் காப்பாத்தறதுக்காக அதைப் பொய்யாக்காதீங்க."

பிறகு எழுந்து உள்ளறைக்குப் போனாள். மாப்பிள்ளையும் போனார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவள் நெடுநேரம் பேசுவதும் அவர் ஓரிரு சொல் கேட்பதும் காதில் விழுந்தன. சம்பந்தியும் நானும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புறப்படும்போது அவள் தெருவரை வந்து எனக்குக் காரின் கதவைத் திறந்துவிட்டாள். கண்கள் சிவந்திருந்தன. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படி ஒரு சொல்லைப் பெற்ற பிள்ளைகளிடம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. விசாரணை என்றைக்கு என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட சொல்றேன்ப்பா. அவங்க உங்களுக்குச் சொல்வாங்க."

அதன்படிதான் நடக்கிறது. அவள் இப்போது தன் அம்மாவைத்தான் ஃபோனில் அழைக்கிறாள். நான் அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, தாள் சரசரக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.