பக்கத்து வளவு

மருதமுனை ஜவுபருக்கு அந்த வேலை கிடைச்சது எழுபத்தொன்பதில. இனம், மார்க்கம், அரசியல் பற்றி ஊர்ச் சனம் என்ன நினைக்குதெண்டு கேட்டெழுதக் கொழும்பிலிருந்து வந்தவங்க ஆள் பிடிச்சாங்க. முதல்ல உங்களுக்குள்ளயே கேட்டுப் பழகுங்க எண்டாங்க.

"வேற இனத்து ஆக்கள் பக்கத்து வளவில குடியிருக்க விருப்பமா?" எண்டு கூட வேலைக்குச் சேர்ந்த கூட்டாளி அபூசாலி கேட்டான்.

"விருப்பமில்ல" எண்டான் ஜவுபர். பழகத்தானே, என்னத்தச் சொன்னாலென்ன! ஆனா நாக்கு கொஞ்சமும் யோசிக்கல்லயே, அதுதான் ஊட்டுக்கு வந்த பிறகும் அவனைக் குத்திக்கொண்டிருந்திச்சு.

மறுநாள் பக்கத்துத் தமிழூர் பாண்டிருப்பில வேலப்போடியிட முற்றம். ரெண்டு பேருக்கும் ஒரே வயல் வட்டையில பக்கத்துப் பக்கத்துக் காணி. ஜவுபர் காய்ச்சலாக் கிடந்த போகத்தில அவன்ட வயலுக்கும் தண்ணி கட்டினவர் அந்த மனுசன்தான். அவருக்கிட்டப் போய் இதைக் கேட்கிறதெண்டா? கேட்டுத்தானே ஆகணும்.

"முஸ்லிம் ஆக்கள் பக்கத்து வளவில குடியிருக்க விருப்பமா அண்ணே?"

"இதென்ன கேள்வி மனே? ஓமெண்டு எழுது."

"ஜவுபர் தம்பி வந்து கேட்டா வேறென்ன சொல்லுவார்?" எண்டு உள்ளுக்கிருந்து அவர்ட மனுசி செல்லத்தங்கம் பகிடி விட்டா.

"சும்மா இரு புள்ள. நான் முகத்துக்காகச் சொல்லல்ல." வேலப்போடி இவன் பக்கம் திரும்பினார். "உன்னையும் கேட்டாங்களா? நீ என்ன சொன்னாய்?"

"நானும் ஓமெண்டுதான் அண்ணே."

பச்சைப் பொய்! யா அல்லாஹ், அவன்ட காது ரெண்டும் சுட்டுது.

வேலப்போடிக்குச் சந்தோசம் தாங்கல்ல. "அப்ப நல்லதாப் போச்சு. மூத்தவளுக்குக் கலியாணம் பொருந்தியிருக்கு, ஊடு கட்டிக் குடுக்க வளவில்லாம அலையிறன். உன்ட ஊட்டுக்குப் பக்கத்து வளவை விக்கப் போறாயாமே. கேட்கக் கூச்சப்பட்டுக் கிடந்தன். எனக்குத் தாவன்."

ஜவுபர் கையிலிருந்த கேள்வித்தாளைப் புரட்டினான். பெண்சாதி என்ன சொல்லுவா, பள்ளிவாசல்ல என்ன கதைப்பாங்க? தண்ணி கட்டின மனுசன் முன்னால நிக்கார், இவன் ஊர் வாயை எண்ணிக்கொண்டு நிக்கான். வெட்கங்கெட்டவன்.

"ஊட்டில கதைச்சுப்போட்டுச் சொல்றன் அண்ணே."

வேலப்போடி அவன்ட முகத்தையே பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்லப் போயிட்டு.

"சரி மனே. ஆனா என்ட ஓம் ஓம்தான், அதை வெட்டிப் போடாத. மறுகா, அடுத்த கேள்வியைக் கேள்."

மற்ற இனத்து ஆக்களை நம்பலாமா? அதுதான் அடுத்த கேள்வி. ஜவுபர் அதைக் கேட்கல்ல.