கழுவியும் போகாத வெள்ளை

மருந்துக்கடைக் கவுண்ட்டரில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். தெருவில் எனக்குப் 'பட்டாசு' என்று பெயர். வைத்துக்கொள்ளட்டும். "அந்தச் சிவப்பு மாத்திரை ரெண்டு குடுங்க" என்று யாராவது கையை நீட்டினால் சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டேன். "யாருக்கு? எதுக்கு? வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? வெறும் வயித்துலயா போடுறீங்க?" இத்தனையும் கேட்ட பிறகுதான் அட்டையில் கத்தரிக்கோலை வைப்பேன். முழிக்கிறவர்களுக்கு வசவு நிச்சயம். வலி மாத்திரை என்ன மிட்டாயா, வாயில் போட்டுக் குதப்ப?

என் தம்பி தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். நாள் முழுக்க முட்டி போட்டு வேலை. முப்பத்தாறு வயதிலேயே முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒரு மாதத்துக்கு முன்னால் நொண்டிக்கொண்டே கடைக்கு வந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. வலி மாத்திரை ஓர் அட்டையை எடுத்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாள்" என்று சட்டைப்பையில் திணித்தேன். டாக்டர் சீட்டு இல்லை, கேள்வியும் இல்லை. கூடப் பிறந்தவனிடம் என்ன கேள்வி? ஐந்து நாள் கழித்து வந்து, கொஞ்சம் பரவாயில்லை என்றான். இன்னோர் அட்டை கொடுத்தேன். அப்புறம் இன்னொன்று.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். கடையில் நல்ல கூட்டம். தம்பி வந்து கவுண்ட்டர் கண்ணாடிமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அக்கா, கூட வேலை செய்றவனுக்கு நெஞ்செரிச்சலாம். ஏதாவது குடேன்."

"அவனுக்குக் கால் இல்லையா? அவனையே வரச் சொல்லு. முதல்ல கையை எடு. இப்பத்தான் கண்ணாடியைத் துடைச்சேன், வெள்ளை சிமெண்ட்டோட வந்து அப்புற பாரு!"

டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டு அப்படியே வருவது அவன் வழக்கம். கடைக்குப் பின்னால் இருக்கும் குழாயைக் காட்டினேன். போய்க் கழுவிவிட்டு வந்தான். கை அப்படியே வெள்ளையாக இருந்தது.

"இதுதான் கழுவுற லட்சணமா? சோப்பு போட்டுத் தேய்டா!"

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே மறுபடி போனான். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கை அப்போதும் வெள்ளை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றி, அவன் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தேன்.

பஞ்சில் ஒரு துளி சிமெண்ட் ஒட்டவில்லை.

அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே துளி சிவப்பு இல்லை. கையும் சில்லென்று வேர்த்திருந்தது. கவுண்ட்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"டேய், நான் குடுத்ததைத் தவிர வேற என்ன மாத்திரை சாப்பிடுற?"

"பத்து மணிக்கு மேஸ்திரி ஒரு வெள்ளை மாத்திரை குடுப்பாரு. முட்டி வலின்னு யாரும் உக்காந்துடக் கூடாதுன்னு டப்பாவுல வெச்சிருக்காரு."

"அப்புறம்?"

"மத்தியானம் என் பொண்டாட்டியோட இடுப்புவலி மாத்திரை. வீணாப் போகுதேன்னு... அது மஞ்சள் கலருக்கா. உன்னுது சிவப்பு. வேற வேற மருந்துதானே?"

சிவப்பு, மஞ்சள், வெள்ளை. எனக்கு மூன்றும் தெரியும். கலர்தான் வேறு, மூன்றும் ஒரே இனம். ஒன்றே வயிற்றை அரிக்கும். இவன் ஒரு நாளைக்கு நான்கு போட்டிருக்கிறான்.

"காலையில சாப்பிட்டுட்டுத்தானே போடுற?"

"வயிறு நிறைஞ்சா எப்படிக்கா குனியுறது?"

"வெளிக்குக் கறுப்பாப் போகுதா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நாலு நாளா. தார் மாதிரி. நெஞ்செரிச்சலும் எனக்குத்தான்."

"ஏண்டா பாவி என்கிட்ட சொல்லல?"

"நீ கத்துவேன்னுதான்."

உள்ளே இருந்த முதலாளியைக் கூப்பிட்டேன்.

அவர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காரை எடுத்தார். போகிற வழியெல்லாம் அவன் தலை என் தோளில் கனத்தது. "தூங்காதடா, ஏதாவது பேசு" என்று கெஞ்சிக்கொண்டே வந்தேன். கடவுளே, இவனை மட்டும் விட்டுவிடு, இனிமேல் யாரையும் திட்டவே மாட்டேன் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே புண்ணாகி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கசிவை அடைத்து, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. மறுநாள் நோட்டுடன் வந்து கேட்டார்.

"இந்த மாத்திரையெல்லாம் எந்தக் கடையில குடுத்தாங்க?"

தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. "ஞாபகம் இல்லீங்க. வழியில ஏதோ ஒரு கடை."

"பொய் சொல்றான்மா. என் கடைதான். நான்தான் குடுத்தேன், சீட்டு இல்லாம."

"வேற என்ன சாப்பிடுறாருன்னு கேட்டீங்களா?"

"தெருவுல போறவங்க வர்றவங்க எல்லாரையும் கேப்பேன். இவனை மட்டும் கேக்கல." வார்டில் இருந்த அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

மூன்றாம் நாள் அவன் உள்ளங்கையில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டான்.

"என்னக்கா, மறுபடி போய்க் கழுவிட்டு வரவா?"

"அடி வாங்குவ, படவா."

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா... முட்டி இன்னும் வலிக்குது."

நாக்கு நுனிவரை என்னென்னவோ வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எங்க வலிக்குது? எப்ப ஆரம்பிச்சுது? எல்லாத்தையும் சொல்லு. கத்த மாட்டேன்."

அவன் அரை மணி நேரம் சொன்னான்.