விடை கொடுக்காத கதவு

தையலக்காவின் கடைக்குள் யாராவது ஒரு புதிரைப் போட்டுவிட்டால், விடை சொல்லும்வரை கடைக் கதவு திறக்காது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள், "உள்ளே புதிர் ஓடுதா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பார்கள். ஓடுகிறது என்றால் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். பச்சைப் பெயின்ட் அடித்த சாதாரண மரக்கதவு அது. மற்றபடி அதன்மேல் யாருக்கும் ஒரு புகாரும் இல்லை.

முதல் தடவை நடந்தது ஒரு மழை நாளில். கணக்கு டீச்சர் ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்கக் கொடுக்க வந்திருந்தார். மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் வெள்ளைக் கோட்டில் பட்டன் வைத்துப் போக இறங்கி வந்திருந்தார். மழை விடட்டும் என்று உட்கார்ந்த இடத்தில் டீச்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண். அதன் பெயரைத் தமிழில் எழுதி எழுத்துகளை எண்ணினால் அந்த எண்ணே வரும். அது எது என்று கேட்டார். டாக்டர் நான்கு என்று அடித்துச் சொன்னார், எழுதிப் பார்த்தால் மூன்றெழுத்துதான் இருந்தது. ஐந்துக்குப் போனார், அதுவும் காலை வாரியது. மழை விட்டது, கதவு விடவில்லை. ஜன்னலில் கத்திக் கூப்பிட்டதில் பக்கத்துத் தெருப் பூட்டுக்காரர் வந்து வெளியிலிருந்து பூட்டைக் கழற்றினார், பிறகு கீல்களையும் கழற்றினார். பூட்டும் கீலும் இல்லாமல் கதவு அப்படியே நின்றது. பூட்டு இருந்த ஓட்டை வழியாக உள்ளே நடக்கும் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அதே ஓட்டையில் வாயை வைத்து, "மூன்றுன்னு எழுதிப் பாருங்க. மூ, ன், று" என்றார். கதவு திறந்து அவர் கைமேலேயே சாய்ந்தது. அதைத் திரும்ப மாட்டிவிட்டு அவர் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழுந்து போகவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இடையில் பல வருஷங்கள் தினமும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தார் என்பது வேறு கதை.

அந்த வருஷங்களில் நால்வரும் போடாத புதிர் இல்லை. பல் டாக்டரின் புதிர் எங்கே சுற்றினாலும் கடைசியில் பல்லில் வந்து நிற்கும். சீப்பு, ரம்பம், பல்சக்கரம் எல்லாம் முடிந்த பிறகும் அவர் ஓயவில்லை. உடனே சொன்னால் அவர் முகம் வாடிவிடுமே என்று மற்றவர்கள் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிவது வழக்கம். டீச்சர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பரீட்சைக்கு ஆன்சர், கடிதத்துக்குப் பதில், புதிருக்கு மட்டும் விடை. வேறு வார்த்தை சொன்னால் டீ வாங்கித் தர வேண்டும். ஒருமுறை மாடியில் வாயில் பஞ்சோடு காத்திருந்து அலுத்துப்போன ஒருவர் ஜன்னலுக்கு வந்து, பஞ்சைத் துப்பிவிட்டு விடையைச் சொல்லித் தன் டாக்டரை மீட்டுக்கொண்டு போனார். அதிகம் விடை சொன்னது தையலக்காதான். தைக்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருப்பாள், அதனால் பேச்சு கிடையாது. விடை தெரிந்ததும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மிஷின் மேலிருக்கும் சின்னப் பஞ்சுமெத்தையில் குத்துவாள். அவள் கை உதட்டுக்குப் போனாலே டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிடுவார். புருஷன் போன பிறகு மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அறை அது. இப்போது அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் பெரிய பங்கு பூட்டுக்காரருடையது என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்று அவள் கேட்டதில்லை.

பூட்டுக்காரரின் மகள் வெளியூரில் இருந்தாள். அவளுக்கு இது ஏழாவது மாதம். மாப்பிள்ளை கப்பல் வேலைக்காரர், வர நாளாகும். அப்பாவைக் கையோடு கூட்டிப்போக அவளே வந்துவிட்டாள். கிளம்பும் நாள் மதியம் பூட்டுக்காரர் சொல்லிக்கொள்ளக் கடைக்கு வந்தார். வந்தவர் சும்மா சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். முக்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "நான் கேட்பேன், நீங்க கொடுக்கணும். கொடுத்தா நான் போயிடுவேன். கொடுக்கலேன்னா இங்கேயேதான் இருப்பேன். கொடுத்தாலும் உங்ககிட்ட அது குறையாது. அது என்ன?" என்றார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டாக்டர் சாவி என்றார், டிக்கெட் என்றார், வழக்கம்போல் பல் என்றும் சொல்லிப் பார்த்தார். டீச்சர் வெகுநேரம் யோசித்து, "அனுமதி" என்றதும் கதவு லேசாக நடுங்கி, வார்த்தை சரியில்லை என்று மறுபடி நின்றுவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாகுது, விடை என்னன்னு சொல்லித் தொலைங்கய்யா" என்று டாக்டர் சலித்துக்கொண்டார். கதவு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கதவு எதிர்பார்த்த வார்த்தைதான், ஆனால் டாக்டர் அதைக் கேட்டாரே தவிரக் கொடுக்கவில்லை.

தையலக்காவுக்குப் புதிர் முடிவதற்குள்ளேயே விளங்கிவிட்டது. விளங்கியதும் அவள் செய்த முதல் காரியம், பஞ்சுமெத்தையிலிருந்து ஒரு பிடி ஊசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டது. சொன்னால் கதவு திறக்கும், முக்காலி காலியாகும். சொல்லாவிட்டால் அவர் இங்கேயே இருப்பார், அவரே வாயால் சொன்ன கணக்கு. டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் துணியைப் பார்த்தாள். ஒரு பஸ் போவது ஹாரன் சத்தத்தில் தெரிந்தது. பூட்டுக்காரர் அவசரமே இல்லாதவராகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பையோடு தெருவில் காத்திருந்த மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீங்கிய கால்களை மாற்றி மாற்றி வைத்தாள். "அத்தை, உங்களுக்குத்தான் எப்பவும் தெரியுமாமே, அப்பா போன்ல சொல்லிக்கிட்டே இருப்பார். கொஞ்சம் சொல்லுங்களேன். அடுத்த பஸ்ஸுல உட்கார இடம் கிடைக்காது. என்னால நிக்க முடியல, அத்தை."

தையலக்கா அந்தக் கால்களைப் பார்த்தாள். கை உதட்டுக்குப் போனது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினாள், அன்றைக்கு அதற்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. பிறகு பூட்டுக்காரரை நேராகப் பார்த்து, "விடை" என்றாள். "கொடுத்துட்டேன். பத்திரமா போங்க."

கதவு திறந்தது. டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டு, தன் சட்டத்தாலேயே தான் கெட்டதாகச் சொன்னார். பூட்டுக்காரர் எழுந்து வாசலுக்கு வந்து, "கேட்ட உடனே தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு, இல்ல? மிஷினே ஓடல, வாயில எதுக்கு ஊசி?" என்றார்.

"தெரிஞ்சும் நீங்க ஏன் கேட்கல?"

"நானும்தான் பஸ்ஸை விட்டுட்டு உட்கார்ந்திருந்தேனே."

அவர் படியிறங்கி, மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். தெருவில் நின்று திரும்பினார். "இன்னொண்ணு. போறவன் எவனும் போறேன்னு சொல்லமாட்டான். நேர் எதிரா ஒண்ணு சொல்லுவான், கேட்கிறவங்களும் சரின்னு தலையாட்டுவாங்க. என்ன சொல்லுவான்?" கேட்டுவிட்டு, அந்த வார்த்தையைச் சொல்லாமலேயே, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

பல் டாக்டருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக உடனே விடை தெரிந்தது. வர்றேன் என்று சொல்ல ஆசையாக வாயைத் திறந்தார். "டாக்டர், வாயை மூடுங்க" என்றாள் தையலக்கா. ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவர் பேசாமல் மூடிக்கொண்டார். அப்போதுதான் மூவரும் கவனித்தார்கள். புதிர் போட்டவர் வெளியே இருந்ததால், கதவு இந்த முறை திறந்த நிலையில் நின்றுவிட்டிருந்தது. தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை.

இன்றுவரை அது மூடவில்லை. வாடிக்கைக்காரர்கள் நாளெல்லாம் வர்றேன், வர்றேன் என்று சொல்லிப் போகிறார்கள். அது விடையாகச் சொன்னது இல்லை என்பதால் கதவு அசைவதில்லை. தெருவில் விவரம் தெரியாதவர்கள் யாரும் இல்லை, ஆனால் விடையாகச் சொல்ல எவருக்கும் மனசு வரவில்லை. இரவில் தெருக் காவலாளி கதவருகில் நாற்காலி போட்டுக்கொள்கிறார், வெயிலுக்குத் தையலக்கா ஒரு திரை தைத்து மாட்டியிருக்கிறாள். பூட்டுக்காரர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி வருகிறார். முக்காலியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டு, போகும்போது கையை மட்டும் ஆட்டுகிறார். புதிதாக வருகிறவர்கள் மட்டும், கதவைச் சாத்திவிடட்டுமா என்று கேட்பார்கள். தையலக்கா உதட்டில் ஊசிகளோடு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தைப்பதைத் தொடர்வாள்.