பலா இலைத் தெலசிதா

மனைவி ஓமனக்குட்டி ஊர் திரும்பக் கள்ளிக்காட்டில் பஸ் ஏறிவிட்டாள் என்று போன் வந்தபோது சுந்தரனின் கையில் கயிறு மட்டும்தான் இருந்தது. ஆடு இல்லை.

சினையாடு. ஓமனக்குட்டியின் உயிர். அதைக் கட்ட மறந்து மொபைலில் பழைய பந்தாட்டம் பார்த்தவன் சுந்தரன். ரப்பர் தோட்டம் முழுக்கத் தேடியாயிற்று.

"ஆடு இல்லாம அவ என்னை வீட்டுல கேற்ற மாட்டாளே" என்றான்.

கூடத் தேடிய அனந்து, அர்ஜென்டினா கால்பந்து ரசிகர் மன்றச் செயலாளர். அந்த நாட்டுப் பாட்டுகளையும் விடாதவன்.

"அண்ணா, இதுக்கு அங்க ஒருத்தி உண்டு. தெலசிதா. டான்ஸ் கிறுக்கு பிடிச்ச பெண்ணு, தீயில வெந்து செத்தா. காணாமப் போனத அவ கொண்டு தருவாளாக்கும். அவளுக்க பாட்டுக்கு ஆடணும், ஆட்டத்துக்கு ஒரு கிளாஸ் அடிக்கணும். கடைசியில அவ பொம்மைய எரிக்கணும்."

"கிளாஸ்ல என்னது?"

"சாராயம்."

"ஓமனக்குட்டி மணம் பிடிச்சிருவா."

நன்னாரி சர்பத் போதும் என்று முடிவாயிற்று.

பொம்மைக்கு வைக்கோல் வேண்டும். ரப்பர் மட்டுமே நிற்கும் ஊரில் எங்கே போவது? முற்றத்துப் பலாவில் கொப்பொடித்துக் கட்டி, அனந்துவின் நீல வெள்ளை அர்ஜென்டினா ஜெர்சியை மாட்டி, சுவரோரம் சாய்த்தார்கள்.

ஸ்பீக்கரில் கிட்டாரும் மேளமும் அதிர்ந்தன. சுந்தரன் தோர்த்துத் துண்டைச் சுழற்றிக் குதித்தான். குதிக்கக் குதிக்க வயிற்றுக்குள் சர்பத் அலையடித்தது.

திடீரென்று பின்னால் கறுமுறு என்றொரு சத்தம்.

இருவரும் திரும்பினார்கள். தெலசிதாவுக்குத் தலை இல்லை. ஆடு அவளுடைய தோளைத் தின்றுகொண்டிருந்தது. பிடித்து விலக்குவதற்குள் மிஞ்சியது ஜெர்சியும் நாலு குச்சியும்.

"வந்துட்டு மக்கா!" சுந்தரன் ஆட்டைக் கட்டிப்பிடித்தான். "இனி பொம்மைய எரிச்சிரு. இல்லேண்ணா திருப்பி எடுத்திருவா."

"பொம்மை ஆட்டுக்க வயித்துலயல்லா இருக்கு."

இருவரும் ஆட்டைப் பார்த்தார்கள்.

"என் ஆட்ட எதுக்கு அப்பிடிப் பாக்கிய?" படலைத் திறந்துகொண்டு ஓமனக்குட்டி வந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்கவில்லை.

"வேண்டின நேர்ச்சைண்ணா நேர்ச்சையாக்கும். எந்த ஊரு பேயானாலும் ஏமாத்தப்பிடாது. மிச்சத்த எரி."

"மிச்சம் என் ஜெர்சி, சேச்சி."

"எனக்க ஆட்டவிடப் பெருசா?"

தீப்பெட்டியை நீட்டினாள். அனந்து உரசினான். ஜெர்சி எரிந்தபோது ரோட்டில் ஒரு பைக் நின்றது. எதிரணியான பிரேசில் மன்றத்து ஷிபு. மொபைலை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினான்.

"எலே, அது நேர்ச்சைலே" என்று கத்தியபடி அனந்து ஓடினான். பின்னாலேயே ஆடும் ஓடியது.

சுந்தரனின் கையில் மறுபடியும் கயிறு மட்டும்.