மாசானமுத்து நிறுத்தம்

மாசானமுத்து எங்கே தூங்கிப்போகிறாரோ, அங்கேதான் பஸ் நிற்கும்.

கை நடுக்கத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையால் வந்தது இது. நடுக்கம் நன்றாகவே அடங்கியது. தூக்கம்தான் சொல்லாமல் கொள்ளாமல் வரும்; பேசிக்கொண்டே இருப்பார், கண் சொருகிவிடும். முதல் தடவை பழக்கடை முன்னால், குடையை ஊன்றியபடி நின்றே தூங்கிவிட்டார். ஒருத்தர் அசையாமல் நின்றால் அவர் பின்னால் போய் நிற்பதுதானே நம்ம ஜனங்களுக்கு வழக்கம்? வரிசை நீண்டது, பஸ்ஸும் வந்து நின்றது. பழைய நிறுத்தத்தில் இப்போது ஆடுகூட ஒதுங்குவதில்லை.

"அண்ணாச்சி இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று வீட்டில் கேட்டுவிட்டுத்தான் ஊரே வேலைக்குக் கிளம்பும். ஒருநாள் சலூனில், முகத்தில் சோப்பு நுரையோடு தூங்கிவிட்டார். மதுரை பஸ் முக்கால்வாசி உள்ளே வந்து நின்றது. "கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க டிரைவர், கண்ணாடி மறைக்குது" என்றார் முடிவெட்டுகிறவர்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், கோவில்பட்டியில் இருக்கிற தங்கச்சி வடிவு தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள் பாருங்கள், அங்கேதான். ரொம்பக் காலம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தாமல் காது குத்த முடியுமா? இருப்பதோ ஒரே மாமன். அவர் கோவில்பட்டி போயே ஆக வேண்டும்.

"நீங்க ஏறிட்டா ஸ்டாப்பு எங்க நிக்கும் அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர் தாவீது. நியாயமான கேள்வி.

மாசானமுத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரே தங்கச்சி, தாவீது. நான் தூங்கவே மாட்டேன், சத்தியமா!"

ஆம்பளை இப்படி அழுதால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? ஏற்றிக்கொண்டார்கள். மனைவி பேச்சித்தாய் மடியில் சீர்த்தட்டை வைத்துக்கொண்டு, அவர் கண் சொருகும்போதெல்லாம் தொடையில் கிள்ளினாள். முன்சீட்டுக்காரர் பாடினார். பின்சீட்டு அம்மா தன் சம்பந்தியோடு போட்ட சண்டையை ஆதியிலிருந்து எடுத்துவிட்டாள். அடடா, என்ன சண்டை! அதன் சுவாரசியமான கட்டத்தில், பருத்திக்காட்டு நடுவே, "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு மாசானமுத்து தூங்கிப்போனார்.

நிறுத்தம் பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. டிரைவர் மிதித்த மிதியில் சக்கரமெல்லாம் சுற்றியது. ஆனாலும் எவ்வளவு ஓட்டினாலும் பஸ் நிறுத்தத்துக்கு வந்துசேர்ந்துகொண்டே இருந்ததே ஒழிய, அதைத் தாண்டவில்லை. கிள்ளிக் கிள்ளி அவர் தொடை சிவந்ததுதான் மிச்சம்.

"நல்ல நேரம் போகுதே! அங்க பிள்ள வெறுங்காதோட உக்காந்திருக்குமே!" என்று பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

எதிரே ஹாரன் கேட்டது. மாசானமுத்து தூங்கினால் நிற்க வேண்டியது இந்தப் பஸ் மட்டுமா? கோவில்பட்டியிலிருந்து வந்த பஸ் முன்கதவு வழியாக உள்ளே நுழைந்து, பெண்கள் சீட்டுப் பக்கமாக ஒதுங்கி நின்றது. அண்ணனைக் காணோமென்று தேடிப் புறப்பட்ட வடிவு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே ஆசாரியும் இறங்கினார்.

"எங்கண்ணன் இல்லாம நடந்திருமாக்கும்!" என்று சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். தூங்குகிற மாமன் மடியில் பிள்ளையை உட்கார்த்தினாள். ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்ட சத்தத்தில் மாசானமுத்து விழித்து, மடியைப் பார்த்து, அந்தப் பொடிக் கம்மலைத் தொட்டார். கை நடுங்கவில்லை.

"அழாத தாயி, மாமன் வந்துட்டேன்லா" என்றார்.

யார் யாரைத் தேடி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பஸ் முழுக்கச் சந்தனமும் பூந்தியும் போயிற்று.

அழுது களைத்த பிள்ளை மாமன் தோளில் சாய்ந்து, ஒரு கொட்டாவி விட்டு, கண் சொருகியது. தூரத்தில் போய்க்கொண்டிருந்த ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கி, பருத்திச் செடிகளை ஒதுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பியது. நின்றிருந்தவர்கள் கொஞ்சம் நெருக்கி நின்று இடம் விட்டார்கள்.