ஆகஸ்ட் பக்கம்

தில்மாயா வீசிய கொக்கி மூன்றாவது முறைதான் அண்ணனின் இடுப்புப் பட்டையில் மாட்டியது. கழிவுக் குழியின் வாயில் அவள் குப்புறப் படுத்திருந்தாள். தலையை உள்ளே நீட்டும்போதெல்லாம் அழுகிய முட்டை நாற்றம் தொண்டையைப் பிடித்தது. வெளியே திரும்பி இருமிவிட்டு மறுபடி உள்ளே பார்த்தாள். கரிய கலங்கலில் புர்பாவின் முதுகு மட்டும் மிதந்தது.

"போரி! ஏய் போரி! எந்திரிடா!" யூன் மேஸ்திரி அவளுக்குப் பின்னால் நின்று கத்தினான்.

பண்ணை நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து குழியின் விளிம்பில் நின்றது.

அதன் பெயர்தான் போரி. புர்பா என்ற பெயர் மேஸ்திரியின் வாயில் நுழையவில்லை. நேபாளத்திலிருந்து அண்ணனும் தங்கையும் இந்தக் கொரியப் பன்றிப் பண்ணைக்கு வந்த முதல் வாரமே, நாயின் பெயரை அவனுக்கும் வைத்துவிட்டான். கூப்பிட்டால் இரண்டும் வந்து நிற்கும். "அந்தப் போரிக்கு வருஷத்துக்கு ஒருதரம் டாக்டர் வந்து ஊசி போடறாரு தில்லு. அடுத்த தடவை நானும் லைன்ல நின்னுடறேன்" என்று புர்பா சொல்லிச் சிரிப்பான்.

மேஸ்திரி நாயை எட்டி உதைத்தான். பிறகு சங்கிலித் தூக்கியின் பொத்தானை அமுக்கினான். செத்த தாய்ப்பன்றிகளை லாரிக்குத் தூக்கும் அதே சங்கிலியில் புர்பா தொங்கியபடி மேலே வந்தான். கையும் காலும் கீழே தொங்க, வாயிலிருந்து கழிவு ஒழுகியது.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அவன் அந்தக் குழியருகே கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். குழிக்குள் பம்பின் வாய் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஆபீஸ் கண்ணாடி பீரோவுல இருக்கிற முகமூடியக் குடுங்க மேஸ்திரி. இறங்கறேன்."

"அது இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டறதுக்குடா. நீ போட்டு நாறடிக்கவா?"

"அப்ப நான் இறங்கல."

பன்றிகளை லாரியில் ஏற்றும் மின்கோல் மேஸ்திரியின் கையில் இருந்தது. அதைப் புர்பாவின் கழுத்தில் வைத்தான். புர்பா துள்ளி விழுந்தான். எழுவதற்குள் விலாவில் இன்னொன்று. தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த தில்மாயா வீறிட்டாள். மேஸ்திரி கோலை அவள் பக்கம் திருப்பினான்.

"உனக்கும் வேணுமா?"

அவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அப்படி நின்றதுதான். புர்பா அவளைப் பார்த்து, "நீ போ தில்லு, வேலையப் பாரு" என்று தங்கள் பாஷையில் சொல்லிவிட்டு இரும்பு ஏணியைப் பிடித்தான். நான்காவது படியில் அவன் கை தானாக விட்டது. விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

சங்கிலியிலிருந்து அவனை இறக்கிப் போட்டபோது குவாக் முதலாளி ஓடி வந்தார். கீழே கிடந்தவனை அவர் பார்க்கவில்லை. சுற்றிலும்தான் பார்த்தார்.

"யாரு பாத்தது?"

"இவ மட்டுந்தான்" என்றான் மேஸ்திரி.

முதலாளி திரும்பிப் போய், கண்ணாடி பீரோவைத் திறந்து முகமூடியை எடுத்து வந்தார். அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை நகத்தால் உரித்துப் பையில் போட்டுக்கொண்டார். முகமூடியைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் முக்கி எடுத்தார். மேஸ்திரி புர்பாவின் தலையைத் தூக்கி, அதன் பட்டையைக் கழுத்தில் மாட்டினான். பட்டை காதில் சிக்கியது. காதை மடக்கி உள்ளே தள்ளினான்.

அப்புறம் கொட்டடி கழுவும் குழாயைத் திறந்து அவன்மேல் பீய்ச்சினான். தண்ணீர் அடித்த வேகத்தில் புர்பாவின் முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. கழுத்தில் அழுக்குப் போன இடத்தில் இரண்டு கருகிய புள்ளிகள் பாம்பு கடித்ததுபோலப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தில்மாயா அதன்மேல் கையை வைத்து மூடினாள். மறைப்பதற்காக இல்லை. தண்ணீர் அங்கே அடிக்கக்கூடாது என்று தோன்றியது.

முதலாளி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து அவள் தாடையைப் பிடித்தார்.

"கேட்டுக்க. பயிற்சி குடுத்தோம். முகமூடி குடுத்தோம். மூச்சு முட்டுதுன்னு அவனாக் கழட்டிட்டான். யார் கேட்டாலும் இதான். புரிஞ்சுதா?"

பிடி இறுகியது. பல்லில் கன்னச் சதை குத்தி உப்புக் கரித்தது.

"மே மாசம் ஆய்வாளர்கிட்ட மாத்திச் சொன்னது யாரு? நான் சொல்லல. மேஸ்திரி சொல்லல. உன் வாய்தான் சொல்லிச்சு. இப்ப வேற கதை சொன்னா முதல்ல உள்ள போறவ நீதான். இல்லன்னா ஊருக்குப் பிளேன். உன் பர்மிட்ல அடுத்த மாசம் நான் கையெழுத்துப் போடணும். அதையும் ஞாபகம் வச்சுக்க."

அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

மே மாதம் சோதனைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பே தொழிலாளர் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. கொட்டகைகளைக் கழுவினார்கள். கண்ணாடி பீரோவைத் துடைத்து வைத்தார்கள். புர்பாவின் இடது காது மட்டும் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கொரிய மொழித் தேர்வில் நிறைய மதிப்பெண் வாங்கியவள் என்பதால் தில்மாயாவைத்தான் மொழிபெயர்க்க உட்கார வைத்தார்கள்.

நாம் என்ற பெயர்கொண்ட ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "காதுல என்ன ஆச்சுன்னு கேளுங்க" என்றார்.

புர்பா தங்கையைப் பார்த்துச் சொன்னான். "மேஸ்திரி பலகையால அடிச்சாருன்னு சொல்லு. முகமூடி இல்லாம அந்தக் குழியில இறக்குறாங்கன்னு சொல்லு. இவரு இப்ப விட்டா எப்ப வருவாரோ, சீக்கிரம் சொல்லு."

பக்கத்தில் முதலாளி பேரிக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். தோல் அறுபடாமல் நீளமாக இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் கத்தியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"படியில வழுக்கி விழுந்துட்டாராம்" என்றாள் தில்மாயா. "எல்லாம் நல்லா இருக்காம்."

'நல்லா இருக்கு' என்பதற்கான கொரியச் சொல் புர்பாவுக்குத் தெரியும். அவன் தங்கையிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆய்வாளர் பேரிக்காய்த் துண்டைக் குச்சியில் குத்திச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கொட்டகைக்கு நடக்கும்போது புர்பா சொன்னான்:

"நான் அவ்வளவு பேசினேன். ரெண்டு வரியில முடிச்சுட்டியே. கெட்டிக்காரிதான்."

"நம்மளப் பிரிச்சு ஆளுக்கொரு பண்ணைக்கு அனுப்பிட்டா என்ன பண்றது அண்ணா?"

"ஆமா. இங்கயே ஒண்ணா இருந்து சாவோம்" என்று சொல்லிவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "சும்மா சொன்னேன்டி" என்று தலையில் தட்டினான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி அடித்தளத்தில் இருந்த சாவு மண்டபத்தில் அவன் படத்தை வைத்திருந்தார்கள். அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது. குறுக்கே கறுப்பு நாடா. முதலாளி கையில் துக்கப் பட்டை கட்டிக்கொண்டு வீட்டு மனிதர்போல வாசலில் நின்றார். யூன் மேஸ்திரி படத்தின் முன் ஊதுவத்தி ஏற்றி, நெற்றி தரையில் படும்படி இரண்டு முறை விழுந்து வணங்கினான். எழும்போது தில்மாயாவைப் பார்த்தான். அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்து, படிக்கட்டுச் சுவரில் அவளைத் தோளால் நெருக்கி நிறுத்தினான்.

"குழி இன்னும் அங்கயேதான் இருக்கு" என்றான். "பம்பு இன்னும் அடைச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

அவள் திரும்பி வந்தபோது ஆய்வாளர் தாழ்ந்த மேசை முன் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவர் போன் செய்துவிட்டு வரவில்லை. எல்லோருக்கும் வைப்பதுபோல அவருக்கும் கொதிக்கக் கொதிக்க மாட்டிறைச்சிக் குழம்பு வைத்திருந்தார்கள். அவர் தொடவில்லை. பயிற்சிப் பதிவேட்டைக் கேட்டிருந்தார். மேஸ்திரி வேனிலிருந்து கொண்டுவந்தான். முதலாளி அதை வாங்கி, ஜூலைப் பக்கத்தைத் தாமே பிரித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மேசையில் வைத்தார்.

தில்மாயாவுக்கு அந்தத் தடித்த அட்டை தெரியும். ஜனவரியில் ஒரு காலை, தீவன லாரியின் முன்மூடியில் வைத்து அதில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பயிற்சி என்று எதுவும் நடக்கவில்லை. வருடத்தின் பன்னிரண்டு பக்கங்களையும் ஒரே மூச்சில் முடிக்கச் சொன்னான் மேஸ்திரி. குளிரில் விரல் மடங்கவில்லை. ஜூலை முடிந்ததும் நீலப் பேனா தீர்ந்துவிட்டது. பன்றிகளின் தடுப்பூசி அட்டைக்கு வைத்திருந்த சிவப்புப் பேனாவை மேஸ்திரி எடுத்துக் கொடுத்தான். கொடுத்த பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"சிவப்புல பேர் எழுதினா ஆள் செத்துடுவான்னு எங்க அம்மா அடிக்கும்" என்றான். பிறகு அவனே சிரித்தான். "அதெல்லாம் எங்களுக்கு. உங்களுக்கு எங்க ஒட்டப்போவுது? எழுது, எழுது."

புர்பா நாக்கைத் துருத்திக்கொண்டு பெரிய பெரிய கொரிய எழுத்தில் எழுதினான். "பாரு தில்லு, சிவப்புல என் பேரு கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றான்.

"ஜூலை ஒண்ணாம் தேதி, விஷவாயுப் பயிற்சி" என்று ஆய்வாளர் படித்தார். விரலை வரிமேல் வைத்து, எழுத்துக் கூட்டி, "புர்-பா த-மாங்" என்றார்.

மூன்று வருடத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இது உங்க அண்ணன் கையெழுத்துதானே?"

"ஆமா."

முதலாளி மூச்சை விட்டார். குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "பாவம், காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. சாப்பிடும்மா."

"அடுத்த பக்கம் திருப்புங்க" என்றாள் தில்மாயா.

"அடுத்த பக்கம் எதுக்கு?" முதலாளி சிரித்தார். "ஜூலையே இன்னும் முடியலையே."

ஆய்வாளர் அவரைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரலைப் பார்த்தார். அதைப் பிடித்து ஒதுக்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

ஆகஸ்ட் மாதத்துப் பயிற்சி. புர்பா தமாங், சிவப்பில். ஆய்வாளரின் விரல் சூடு பட்டதுபோலக் காகிதத்திலிருந்து எழும்பியது. செப்டம்பரைத் திருப்பினார். அக்டோபர். டிசம்பர் வரைக்கும் செத்தவன் பயிற்சி எடுத்திருந்தான். ஒவ்வொரு பக்கத்திலும் அவனுக்குக் கீழே தில்மாயா என்று அதே சிவப்பில் இருந்தது.

மேஸ்திரி பதிவேட்டின்மேல் பாய்ந்தான். ஆய்வாளர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். மேசை புரண்டது. கொதித்த குழம்பு தில்மாயாவின் தொடையில் கொட்டியது. அவள் எழுந்தாள். மேஸ்திரி புறங்கையால் அவள் வாயில் ஓங்கி அறைந்தான். படத்தின் முன்னால் போய் விழுந்தாள். ஊதுவத்திக் கிண்ணம் கவிழ்ந்து சாம்பல் அவள் தலைமுடியில் சிதறியது. மண்டபத்து ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்து மேஸ்திரியின் கையை முறுக்கிப் பிடித்தார்கள். "நாயே! சோறு போட்ட கையையா?" என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான்.

தில்மாயா எழுந்து உட்கார்ந்தாள். உதடு கிழிந்திருந்தது. ரத்தத்தை விழுங்கிவிட்டுக் கொரிய மொழியில் பேசினாள்.

"மே மாசம் எங்க அண்ணன் சொன்னது வேற. நான் உங்ககிட்டச் சொன்னது வேற. அவன் சொன்னத இப்ப சொல்றேன்." மூச்சு வாங்கினாள். "மேஸ்திரி பலகையால அடிச்சாரு. முகமூடி இல்லாம அந்தக் குழியில இறக்குறாங்க. இவரு இப்ப விட்டா எப்ப வருவாரோ, சீக்கிரம் சொல்லு. இவ்வளவும் சொன்னான். நான் சொல்லல."

ஆய்வாளர் பதிவேட்டை அணைத்தபடியே நின்றார்.

"இன்னிக்கு மின்கோல் வச்சுத்தான் இறக்கினாங்க. நான் நின்னு பாத்தேன். கழுத்தப் பாருங்க, ரெண்டு புள்ளி இருக்கும். முகமூடி பின்னாடி மாட்டினது. அதுலேருந்து உரிச்ச தாள் முதலாளி பையில இருக்கு."

முதலாளியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பாதியில் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே துக்கப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

போலீஸ் வந்து இருவரையும் மேலே கூட்டிப்போனார்கள். மண்டபத்துக்காரி ஒருத்தி துடைப்பத்தால் சாம்பலை அள்ளினாள். ஆய்வாளர் மேசையை நிமிர்த்திப் போட்டு, பையிலிருந்து வாக்குமூலத் தாள்களை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில் ஒருமுறை எழுத்தை நிறுத்தினார்.

"அன்னிக்கு அந்தக் காதை நானும் பாத்தேன்" என்றார். மறுபடி எழுதத் தொடங்கினார்.

எழுதி முடித்ததும் முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினார்.

"மே மாசம் நீங்க மாத்திச் சொன்னதும் இதுல இருக்கு. அதுக்கும் உங்ககிட்டக் கேள்வி வரும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"கடைசியில உங்க பேரை எழுதணும்."

அவர் தம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். தில்மாயா வாங்கிக்கொண்டாள். மூடியைக் கழற்றி, இடது உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

நீலம்.

பிறகுதான் காகிதத்தை அருகில் இழுத்தாள்.