கட்டைவிரல் முடிச்சு

பினாங்கில் சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் முதலில் கூப்பிடுவது டாக்டரை. அடுத்தது குவீன் ஸ்ட்ரீட் சந்திரசேகரனை. எந்தப் பக்கம் தலை வைப்பது, எந்த வேளையில் எடுப்பது, யார் கொள்ளிக்குடம் சுமப்பது என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எழுபத்தோரு வயதிலும் முதுகு வளையாத மனிதர். முறை தவறிய காரியத்தைக் கண்டால், அது அடுத்தவர் வீடாக இருந்தாலும் வாய் சும்மா இருக்காது.

சினிமாக்காரர்கள் மூன்று முறை வீடு தேடி வந்து மரியாதையாகக் கேட்ட பிறகுதான் நடுக்கூடத்தைக் கொடுத்தார். உலகமெங்கும் ஓடுகிற படத்தின் நான்காம் பாகம். வேறொரு கிரகத்திலிருந்து வந்த இவாரா என்ற போர்வீராங்கனை அதில் சாகப் போகிறாள். பச்சை உடம்பு, வெள்ளிச் செதில், கையில் இரட்டை முனை ஈட்டி. லிட்டில் இந்தியாவில் பிளாஸ்டிக் ஈட்டி வைத்திருக்காத பிள்ளை கிடையாது. அவள் சாவு ரகசியம் என்று வீட்டார் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மகள் ஷர்மினி வேலை பார்ப்பதும் அதே கம்பெனியில்தான். ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தாள்.

காலை எட்டு மணிக்கு லாரியிலிருந்து பொம்மைப் பிணத்தை இறக்கிக் கூடத்தில் கிடத்தினார்கள். முகம் மட்டும் துணியால் மூடியிருந்தது. சந்திரசேகரன் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், பொறுக்கவில்லை.

"யாரும்மா இப்படி வடக்க தலை வச்சது?"

சாமான்களுக்குப் பொறுப்பான ஹுஸ்னா ஓடி வந்தாள். பக்கத்து ஊரான கெலுகோர்க்காரப் பெண். "தப்பா அங்கிள்? வேற கிரகம்தானே, எப்படி வச்சாலும் ஓகேன்னு நெனச்சோம்."

"எந்தக் கிரகமா இருந்தா என்ன? என் வீட்டு நடுக்கூடத்துல கிடக்குதுல்ல? தெற்க தலைய வை. விளக்கு தலைமாட்டுல. கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டணும்."

"ஐயோ, சூப்பர்லா அங்கிள். டைரக்டருக்கு ரொம்பப் புடிக்கும். நீங்களே கட்டிக் குடுங்களேன்."

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்தார். ஒன்று நைந்தால் இருக்கட்டும் என்று இரண்டாவது துண்டும் கிழித்து ஹுஸ்னாவிடம் கொடுத்தார். குனிந்து, அந்தப் பச்சைக் கால்களைச் சேர்த்து, தம் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் போட்ட அதே முடிச்சைப் போட்டு இழுத்து இறுக்கினார். பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடுகாட்டில்தான் அவிழ்க்க வேண்டிய முடிச்சு அது. ஹுஸ்னா நாலு பக்கமும் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

சமையலறையில் மனைவி ருக்குமணி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பசியாற ஒன்னும் பண்ணலையா?"

"நடுவீட்டுல பொணத்த வச்சிக்கிட்டு அடுப்பு பத்தவைக்கச் சொல்றீங்களா?"

"அது ரப்பர், ருக்கு."

"கட்டு மட்டும் நெஜமாப் போட்டீங்களே."

அவர் கூடத்துக்குத் திரும்பினார். அப்போதுதான் முகத்துணியை எடுத்தார்கள்.

மூக்கு ஷர்மினியின் மூக்கு. மூடிய இமைகள், தூங்கும்போது லேசாகத் திறக்கும் அந்த உதடு, எல்லாம் ஷர்மினி. செதிலும் சாயமும் எதையும் மறைக்கவில்லை. ஆறு வயதில் இதே வீட்டு வாசற்படியில் விழுந்து பட்ட தழும்பு தாடைக்கடியில் அப்படியே இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தார். அந்தக் கால்கூட, கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல்.

"இது... இந்த முகம் யாரோடது?"

"ஆக்டிங் பண்ற அம்மா பொம்மைக்கு அச்செடுக்க அவ்ளோ நேரம் படுக்க மாட்டாங்க அங்கிள். அவங்களுக்கு டபுளா வர்றவங்கதான் படுத்தாங்க. முகத்தக் கம்ப்யூட்டர்ல மாத்திடுவோம்." ஹுஸ்னா அவரை விநோதமாகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? ஷர்மினி அக்காதானே ஸ்டன்ட் எல்லாம் பண்றாங்க. இவாரா மாடியிலேர்ந்து விழறதும் அவங்கதான். இன்னைக்கு மூணு மணிக்கு, எதிர்க் கட்டடத்துல."

"சாவுதான் முடிஞ்சிடுச்சே. இனிமே எப்படி விழறது?"

"சினிமாவுல அப்படித்தான் அங்கிள். கிரேன் மூணு மணிக்குத்தான் வருது. அதனால சாவு முதல்ல."

பதினோரு மணிக்கு எட்டுப் பேர் தூக்கினார்கள். அவர் மகளின் முகத்தோடு அந்த உடம்பு கால் முன்னே நீட்டி, அவர் அப்பாவும் தாத்தாவும் போன தலைவாசல் வழியே வெளியே போனது. ருக்குமணி பழக்கத்தில் வாளியும் துடைப்பமுமாக வந்தாள். வீட்டைக் கழுவ வேண்டுமே.

"வை கீழ!" என்று கத்தினார். "யாரு செத்தா, கழுவுறதுக்கு?"

அவர் ஏன் கத்துகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மத்தியானம் ஷர்மினி வந்தாள். உடம்பெல்லாம் பச்சை, தோளில் நீளமான அங்கி. எந்த முகம் தெற்கே தலை வைத்துக் கிடந்ததோ, அதே முகம் இப்போது வாசலில் நின்று சிரித்தது. ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாரிப்பா. சொன்னா விடமாட்டீங்கன்னு தெரியும்."

"இன்னைக்குக் குதிக்காத."

"மூணு மாசம் பழகியிருக்கேன்பா. கம்பி, பெல்ட், கீழ மெத்தை, எல்லாம் இருக்கு."

"ஷர்மினி, அந்தக் கட்ட நான்தான் போட்டேன். என் கையால."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நல்லதுதானே? செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு அம்மா சொல்லும்."

"சேதி வந்தாத்தான் கெட்டி. கட்டுப் போட்டா இல்ல."

"அப்பா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். போட்டுட்டுப் பின்வாங்குனவங்க இந்த வீட்டுல இல்லன்னு சொல்லித்தானே எங்கள வளத்தீங்க? இப்ப நான் ஓடிட்டா யாருக்கு அவமானம்?"

நாற்பது வருஷமாக அவர் சொன்ன சொல். கையை எடுத்து அவள் தலையில் வைத்தார். உள்ளங்கையில் பச்சை ஒட்டிக்கொண்டது.

மூன்று மணிக்குத் தெருவே திரண்டு எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியைப் பார்த்து நின்றது. சந்திரசேகரன் மட்டும் அதற்கு முதுகு காட்டி, பொம்மையை ஏற்றிச் சந்தில் நிறுத்தியிருந்த லாரியை நோக்கிப் போனார். பின்கதவு திறந்திருந்தது. காவலுக்கு ஆளில்லை. ஆயுளில் அனுமதி இல்லாமல் அடுத்தவர் வண்டியில் ஏறாதவர், கம்பியைப் பிடித்து ஏறினார்.

முடிச்சு அசையவில்லை. எவ்வளவு இழுத்தாலும் அவிழாத முடிச்சு என்று அவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டது அதைத்தான். நகம் பிய்ந்தது. வெளியே ஒலிபெருக்கியில் எண்ண ஆரம்பித்தார்கள். மூன்று. பல்லால் கடித்தார். இரண்டு. சாயம் கசந்தது. ஒன்று என்றபோது துணி கிழிந்து கையோடு வந்தது. கால்கள் விலகின.

தொப்பென்று ஒரு சத்தம். பிறகு அமைதி. பிறகு தெரு முழுக்கக் கைதட்டல்.

லாரியிலேயே உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இறங்கி வந்தபோது ஷர்மினி மெத்தை மேல் நின்று ருக்குமணிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். அவர் துணியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தார். பாதி வழியில் ஒலிபெருக்கி கரகரத்தது. காற்றில் அங்கி முகத்தை மறைத்துவிட்டதாம். இன்னொரு தடவை.

ஷர்மினி மறுபடி படியேறினாள்.

அவர் சட்டென்று திரும்பி லாரியைப் பார்த்தார். ஹுஸ்னா உள்ளேயிருந்து குதித்து இறங்கி, கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை அங்கிள், போய்ப் பாத்தேன். கட்டு அவுந்து கிடந்துச்சு. நாளைக்கு ஷாட் இருக்குல்ல, மாறிட்டா டைரக்டர் கொன்னுடுவாரு. நீங்க குடுத்தீங்களே ரெண்டாவது துணி, அதுலயே கட்டிட்டேன்." புதுக் கட்டைப் படமெடுத்திருந்த கைப்பேசியை அவர் முன் நீட்டினாள். "காலைல எடுத்த போட்டோவ வச்சுத்தான் கட்டினேன். சரியா இருக்கா?"

அவர் பார்த்தார். எந்தச் சாவு வீட்டிலும் ஒரு குறையாவது கண்டுபிடிக்கிறவர் அவர். இதில் ஒரு குறையும் இல்லை.

"சாவி," என்றார். "சாவியக் குடும்மா."

"ஷ்ஷ்," என்று உதட்டில் விரல் வைத்தாள் ஹுஸ்னா. "டேக் போகுது அங்கிள். சத்தம் போடக்கூடாது."

தெரு அடங்கியது. மூன்றாம் மாடி விளிம்பில் பச்சை உருவம் வந்து நின்று, இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தது.